காலை ஆகாரமும் கரண்டிக் கணக்கும்

"எடையைக் குறைக்க வேண்டும் என்று வைத்தியர் கூறிவிட்டார். எண்ணெயும் கொழுப்பும் கூடாதாம். அப்படியானால் விடிந்ததும் எதை உண்டுவிட்டு வயலுக்குப் போவது?" என்று மூங்கில்துறைப்பட்டுப் பகுதியைச் சேர்ந்த கரும்பு விவசாய அங்கத்தினர் ஒருவர் நம்மைக் கேட்டிருக்கிறார். கரும்புக்கு விலை, நூலுக்கு விலை, கடனுக்குத் தவணை ஆகியவற்றைப் பற்றியே நமக்கு வினாக்கள் வருவது வழக்கம். உடல் பருமனைப் பற்றி ஒரு குடியானவர் கேட்கிறார் என்றால் காலம் எவ்வளவோ மாறிவிட்டது என்றுதான் கொள்ளவேண்டும். ஆகவே அவருக்கு மட்டும் பதில் எழுதிவிடாமல், அங்கத்தினர் அனைவரும் காணுமாறு இங்கே எழுதுகிறோம்.

உடல் பருத்தல் பணக்காரருக்கு வரும் தொல்லை என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அது உண்மையன்று. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் உரிய எடைக்கு மேற்பட்டவர்கள். 2015–16-இல் நடந்த முந்தைய ஆய்வில் இந்தத் தொகை முறையே 31, 28 என்ற அளவில் இருந்தது. ஐந்தாண்டு கடன் தவணை முடிவதற்குள் நூற்றுக்கு ஒன்பது பேர் கூடிவிட்டனர். இந்தியாவில் சர்க்கரை வியாதியுடையோர் 10 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் கணக்கிட்டுக் கூறிற்று. இவர்கள் அத்தனை பேரும் பட்டணத்துச் செல்வந்தர்கள் அல்லர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டாம். கவலை ஏற்றத்தில் நீர் இறைத்து, ஏர் பின்னால் நடந்து, வரப்பு வெட்டி, எரு சுமந்து பாடுபட்ட உடலுக்குக் காலையில் எவ்வளவு போட்டாலும் தகும். இன்று நீரை மோட்டார் இறைக்கிறது, நிலத்தை டிராக்டர் உழுகிறது, வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருகிறோம். தறிக்குழியில் இரு கால்களும் மிதியில் நின்று, கை நாடாவை ஓட்டிய நெசவாளியின் பிள்ளை இன்று விசைத்தறியின் அருகே நின்று அறுந்த இழையை முடிகிறான். இவற்றை நாம் குறையாகக் கூறவில்லை. முதுகு ஒடிய உழைத்தவர்களுக்குக் கிடைத்த ஓய்வு அது. ஆனால் வேலை குறைந்த அளவுக்குத் தட்டு குறையவில்லை. குறையாததோடு, தட்டின் பண்டமும் மாறிவிட்டது.

முன்னாளில் நம் பக்கத்து வீடுகளில் காலை ஆகாரம் என்பது பெரும்பாலும் கூழ். இல்லையேல் நீராகாரம், பழைய சோறு. நெசவுத் தெருக்களில் விடியுமுன் பாவு நீட்டிக் கஞ்சி தோய்ப்பார்கள். பாவுக்குப் போன கஞ்சிதான் வீட்டார் வயிற்றுக்கும் போயிற்று என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இட்டிலியும் தோசையும் தீபாவளிக்கும் விருந்துக்கும் உரியவை. இன்று மூங்கில்துறைப்பட்டுக் கடைத்தெருவில் விடியற்காலை நின்று பாருங்கள்: கொதிக்கும் எண்ணெயில் வடை, அடுத்த சட்டியில் பூரி, பக்கத்தில் இரண்டு கரண்டிச் சர்க்கரையிட்ட தேநீர். கரும்பு வெட்டும் பருவத்தில் ஆலைக்கு வண்டி ஓட்டி வருவோர், வரிசை நகரும்வரை நின்ற இடத்தில் இவற்றையே உண்டு பொழுதைப் போக்குகின்றனர். வீட்டிலும் இதே வழக்கம் புகுந்துவிட்டது. கூழ் குடிப்பது வறுமையின் அடையாளம் என்று வெட்கப்பட்டு விட்டவர்கள் அநேகர். நாமும் அதில் சேர்ந்தவர்களே.

இனி அங்கத்தினர் கேட்ட வினாவுக்கு வருவோம். கொழுப்புக் குறைந்த காலை உணவு வேண்டும் என்றால், முதலில் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். தானியத்திலிருந்து அன்று. நூறு கிராம் பச்சரிசியில் கொழுப்பு அரை கிராம் அளவே. கேழ்வரகில் இரண்டு கிராமுக்குள். சாமையில் நாலு கிராமுக்குள். உண்மையில் சிறுதானியங்களில் அரிசியைவிடக் கொழுப்புச் சற்று அதிகமே தவிரக் குறைவன்று. ஆகவே "அரிசியை விட்டுச் சாமைக்கு மாறினேன், கொழுப்பு ஒழிந்தது" என்று யாரேனும் சொன்னால் அது கணக்கில் பிழை. கொழுப்பு வருவது தாளிக்கும் கரண்டியிலிருந்து, பொரிக்கும் சட்டியிலிருந்து, பொங்கலில் மிதக்கும் நெய்யிலிருந்து, தேங்காய்ச் சட்னியிலிருந்து. தேங்காயிலும் நிலக்கடலையிலும் நூற்றுக்கு 40 பங்கு கொழுப்பே.

ஒரு கிராம் மாவுப்பண்டம் உடலுக்கு 4 கலோரி சக்தி தரும். ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தரும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரிக்குமேல் உண்டு. 35 கிராம் சாமையரிசியைச் சமைத்து உண்டாலும் அவ்வளவே கிடைக்கும். 35 கிராம் சாமை வயிற்றில் இடம் பிடிக்கும்; நார்ப்பொருளும் கொஞ்சம் புரதமும் தரும். தோசையைச் சுற்றி ஊற்றிய எண்ணெயோ இருந்த இடம் தெரியாமல் உள்ளே போய்விடும். பசி அதனால் தணிவதில்லை. உடல் மட்டும் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

எவ்வளவு எண்ணெய் தகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் நம் நீலகிரிக் குன்னூரில் ஒரு சிறு ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கியது. 1958-இல்தான் ஐதராபாத்துக்குப் போயிற்று. அந்நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 25 கிராமும் பெண்ணுக்கு 20 கிராமும் சமையல் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்துப் போதும் என்றது. கடின உழைப்பாளிக்கு அதைவிடக் கூடுதலாக அனுமதித்தது. பெரியவர் நால்வர் உள்ள வீட்டுக்கு முதற்சொன்ன கணக்குப்படி மாதத்துக்கு ஏறத்தாழ 3 லிட்டர் ஆகிறது. நம் அங்கத்தினர்கள் செய்யத்தக்க காரியம் இதுதான்: வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். நியாயவிலைக் கடைப் பாமாயில், செக்கில் ஆட்டிய கடலெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாவற்றையும் கூட்டவேண்டும். செக்கெண்ணெய் நல்லதுதானே என்பார்கள். நல்லதாக இருக்கலாம், கலோரிக் கணக்கில் எந்த எண்ணெயும் எண்ணெயே.

எண்ணெயைக் குறைத்த பிறகு காலையில் உண்ணத்தக்கவை என்னென்ன? நமது யோசனையில் முதலிடம் கூழுக்கே. கேழ்வரகு மாவை முதல்நாள் கரைத்துப் புளிக்கவைத்து, நொய் வெந்து வரும்போது ஊற்றிக் கிளறி, ஆறவைத்து, மறுநாள் காலை வெண்ணெய் எடுத்த மோரில் கரைத்து உப்பிட்டுக் குடிக்கும் இந்த உணவில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. 50 கிராம் கேழ்வரகு மாவில் 160 கலோரி உண்டு. கொழுப்பு ஒரு கிராம். அரிசியில் பெயரளவுக்கே உள்ள சுண்ணாம்புச் சத்து, கேழ்வரகில் நூறு கிராமுக்கு 360 மில்லிகிராமுக்குமேல் இருக்கிறது. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போதும். எண்ணெயில் பொரித்த மோர்மிளகாயையும் அப்பளத்தையும் சேர்த்துக்கொண்டு கூழைக் குறை சொல்லவேண்டாம். கூழ் குடித்தால் பத்து மணிக்கே பசிக்கிறதே என்பாருக்கு, ஒரு கிண்ணம் பச்சைப்பயறோ தட்டைப்பயறோ வேகவைத்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுகிறோம். பயற்றிலுள்ள புரதம் பசியைத் தள்ளிப்போடும்.

இட்டிலியையும் விலக்கவேண்டியதில்லை. ஆவியில் வெந்த பண்டத்தில் எண்ணெய் எங்கே? மூன்று இட்டிலி, காய்கள் மிகுந்த சாம்பார், கொத்துமல்லி அல்லது தக்காளித் துவையல் என்றால் குறை சொல்ல இடமில்லை. இட்டிலிப்பொடியைக் குளிப்பாட்டும் எண்ணெயே வினை. இடியாப்பம், கேழ்வரகுப் புட்டு, பிடிகொழுக்கட்டை இவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. அடைக்குக் கல்லில் எண்ணெயைத் துணியால் தடவினால் போதும். அதிலுள்ள பருப்பு நல்ல பலன் தரும்.

கொள்ளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். இளைத்தவனுக்கு எள்ளும் கொழுத்தவனுக்குக் கொள்ளும் என்ற பழமொழியை அறியாத வீடு இல்லை. கொள்ளு, உடம்பிலுள்ள கொழுப்பை உருக்கிவிடும் என்று சிலர் பொடி விற்கிறார்கள். உருக்குவதாக நாம் நம்பவில்லை. நூறு கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம், கொழுப்போ ஒரு கிராமுக்குள். சிறிது உண்டாலும் வயிறு நிறையும். எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய். முன்னோர் கண்டதும் இதுவாகத்தான் இருக்கவேண்டும். கொள்ளுத் துவையலும் கொள்ளு ரசமும் வீட்டிலேயே செய்யத்தக்கவை. பொடிக்குப் பணம் கொடுக்கவேண்டாம்.

சாமை நம் வட்டாரத்துக்கு உரிமையான பண்டம். கல்வராயன் மலையில் மலையாளிக் குடிகள் வழிவழியாகச் சாமை, தினை, வரகு, கேழ்வரகு பயிரிட்டு வந்திருக்கின்றனர். அந்தச் சரிவுகளில் பலவற்றை இன்று மரவள்ளி பிடித்துக்கொண்டது; கிழங்குக்கு ஜவ்வரிசி ஆலைக்காரர் ரொக்கம் தருகிறார், சாமைக்கு வாங்குவார் இல்லை. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை, இந்தியாவின் யோசனைப்படி, உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு பேசிய பேச்சில் நூற்றில் ஒரு பங்கு கொள்முதலாக மாறியிருந்தால் மலைக்காரருக்கு உதவியாக இருந்திருக்கும். காய்களைப் பாதிக்குப் பாதி போட்டு, ஒருவருக்கு ஒரு சிறு கரண்டி எண்ணெயில் தாளித்த சாமை உப்புமா மிக நல்ல காலை ஆகாரம். ஆனால் முன்பே சொன்ன எச்சரிக்கையை மறக்கவேண்டாம். நூறு கிராம் அரிசியில் 356 கலோரி என்றால் சாமையில் 346. சாமையின் சிறப்பு நார்ப்பொருளிலும் புரதத்திலும் இருக்கிறது. மலைபோல் குவித்து உண்டால் சாமையும் பருக்கவைக்கும். வெள்ளை வெளேரென்று தீட்டிய சாமையில் அந்த நாரும் போய்விடும்.

பாலைப் பொறுத்தவரை, நீலப் பையில் வரும் ஆவின் சமன்படுத்திய பாலில் கொழுப்பு நூற்றுக்கு 3 பங்கு. வீட்டு எருமைப் பாலில் அதைப்போல் இரண்டு மடங்கு. எருமை வைத்திருப்பவர் எருமையை விற்கவேண்டாம். கறந்த பாலைச் சங்கத்துக்கு ஊற்றிவிட்டு, தமக்கு மோராக வைத்துக்கொள்ளலாம்.

இனிச் சொல்லப்போவது நமக்கே சங்கடமான விஷயம். கொழுப்பை மட்டும் குறைத்தால் எடை குறைந்துவிடுமா? அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொழுப்பையும் மறு பிரிவுக்கு மாவுப்பண்டத்தையும் குறைத்து ஓராண்டு பார்த்தனர். 2018-இல் வெளியான முடிவின்படி முதற்பிரிவினர் சராசரி 5.3 கிலோவும் மற்றவர் 6 கிலோவும் இளைத்தனர். இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேற்றுமை இல்லை என்றனர். இரு பிரிவினரும் சர்க்கரையையும் மைதாவையும் குறைக்கும்படி சொல்லப்பட்டிருந்தனர் என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது. எண்ணெயைக் குறைத்துவிட்டுத் தேநீரில் சர்க்கரையைக் கூட்டுபவர் எடையில் மாற்றம் காணமாட்டார். கடைகளில் "கொழுப்புக் குறைந்தது" என்று அச்சிட்டு விற்கும் பிஸ்கோத்துகளிலும் சர்க்கரைக்குக் குறைவில்லை.

இரண்டு கரண்டிச் சர்க்கரை 10 கிராம். நாளைக்கு நாலு தம்ளர் தேநீர் என்றால் 40 கிராம், 160 கலோரி. சேர்க்கும் சர்க்கரை மொத்த உணவின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கவேண்டும், அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. 2,000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராம். பாதி என்றால் 25 கிராம். நாலு தேநீரிலேயே இரண்டாவது எல்லையைத் தாண்டிவிடுகிறோம். வெல்லம் போட்டால் குற்றமில்லை என்ற எண்ணமும் தவறு. எடைக் கணக்கில் வெல்லமும் சர்க்கரையும் அண்ணன் தம்பி.

கரும்பு பயிரிடுவோர் பத்திரிகையே சர்க்கரையைக் குறைக்கச் சொல்லலாமா என்று கேட்பார்கள். கள்ளக்குறிச்சிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் முதல் ஆலை மூங்கில்துறைப்பட்டிலேயே இருக்கிறது. அதை நம்பி நிலம் கட்டியவர்கள் நாம். ஆனால் நெய்த சேலை அத்தனையையும் நெசவாளி வீட்டார் உடுத்துவதில்லை. விளைந்த கரும்பின் சர்க்கரையை விளைவித்தவரே தின்று தீர்க்கவேண்டும் என்பதும் இல்லை. கரும்புக்கு விலை மத்திய அரசு நிர்ணயிப்பது. நம் தேநீர்க் கரண்டி நிர்ணயிப்பதன்று. நாடு முழுவதும் சர்க்கரை உண்பது குறைந்தால் ஆலைகளுக்குப் பாதிப்பு வராதா? வரலாம். பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. கரும்புக்கு வேறு வழிகள் திறந்து வருகின்றன. அவற்றுக்காக வாதாடுவது நம் கடமை. அங்கத்தினரின் காலைக் காப்பியில் ஆலையின் இலாபத்தைத் தேடுவது நம் கடமையன்று. சர்க்கரை வியாதியால் கால் விரலை இழந்த ஒரு விவசாயியால் கரும்புக்குத் தோகை உரிக்கவும் இயலாது.

காலை உணவை அறவே விட்டுவிடலாமா என்றும் சிலர் கேட்கின்றனர். காலையில் உண்டால்தான் உடல் இளைக்கும் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2019-இல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை 13 பரிசோதனைகளைத் தொகுத்து வெளியிட்ட ஆய்வில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. உண்ணாதவர்களே இம்மியளவு எடை குறைந்திருந்தனர். அந்தப் பரிசோதனைகள் உயர்ந்த தரத்தன அல்ல என்று எழுதியோரே ஒப்புக்கொண்டனர். ஆகவே பசியாதவர் வலிந்து உண்ணவேண்டாம். ஆனால் வெறும் வயிற்றோடு வயலுக்குப் போய், பத்து மணிக்குக் கடையில் நாலு வடையைத் தின்பவருக்கு அந்தப் பட்டினியால் பயனில்லை. சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் உணவை விடவே கூடாது.

யாருக்கு இதெல்லாம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவோம். நெசவாளிக்கு அளவு நாடா புதிதன்று. இடுப்பைச் சுற்றி, தொப்புள் அளவில் அளந்து பாருங்கள். நம் நாட்டவருக்கு ஆணாயின் 90 செண்டிமீட்டர், பெண்ணாயின் 80 என்ற எல்லையை வைத்தியர்கள் வகுத்திருக்கின்றனர். அதற்குள் இருப்பவருக்கு இந்தக் கட்டுரை அவசியமில்லை. நாள் முழுதும் கரும்பு வெட்டிச் சுமக்கும் கூலியாட்களுக்கு எண்ணெயும் கடலையும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வேண்டும். குழந்தைகளுக்கு முழுப்பாலும் வேர்க்கடலையும் தடையின்றிக் கொடுக்கவேண்டும்.

ஆயினும் ஒரு வீட்டில் இரு அடுப்பு எரிக்க முடியாது. வைத்தியர் சொன்னது ஐயாவுக்கு, சமைப்பது அம்மா. அவர் எல்லோருக்கும் பூரி போட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் கூழ் கரைக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அத்துடன், எல்லோரும் உண்டபின் மிஞ்சிய நாலு பூரியை வீணாக்க மனமின்றிப் பத்து மணிக்கு உண்பவரும் அவரே. மேலே சொன்ன கணக்கில் பெண்களின் தொகை ஆண்களைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று நாம் கருதுகிறோம். வீடு முழுவதும் கூழோ இட்டிலியோ உண்டு, குழந்தைகளுக்கு மட்டும் பாலும் கடலையும் கூட்டிக் கொடுப்பதே எளிய வழி.

சங்கங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நமது பேரவைக் கூட்டங்களில் வழக்கமாகக் கேசரி, வடை, சர்க்கரையிட்ட தேநீர் வழங்குகிறோம். கூட்டத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். சட்டைப்பையில் மாத்திரைச் சீட்டு இல்லாதவர் சிலரே. அடுத்த கூட்டத்துக்கு மலையிலுள்ள பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் சாமை வாங்கி உப்புமா கிண்டலாம். கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் வைக்கலாம். செலவு கேசரியைவிட மிகாது. மலைக்காரரின் சாமைக்கும் ஒரு நாள் விலை கிடைக்கும். தேநீரைச் சர்க்கரை இல்லாமல் போட்டு, சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்வார். இதற்குத் தீர்மானமும் வாக்கெடுப்பும் வேண்டியதில்லை. செயலாளர் முதல்நாள் மாலை சமையற்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.